பந்தியில் யார் பரிமாறுவது?

கீரமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பூக்கடை வைத்திருப்பவர். கல்யாணமான புதிதில், 2006 வாக்கில், கடைக் கணக்குக்காக வாங்கிய அசெம்பிள் கணினி ஒன்று அவரிடம் இன்னும் இருக்கிறது. வின்டோஸ் போட்டால் இழுக்காது என்ற நிலை வந்ததும், கல்லூரியில் படிக்கும் அக்காள் மகன் அதில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்துவிட்டான். கணக்கு ஓடுகிறது, பில் வருகிறது, குறை ஒன்றுமில்லை. கல்யாண டிவிடியைப் போட்டால்தான் வம்பு.

"புதிதாக ஆன் செய்து போட்டால் மாப்பிள்ளை அழைப்பு முழுக்க அருமையாக ஓடுகிறது. அப்புறம் திக்க ஆரம்பித்துவிடும். தவில்காரர் கை ஒரு பக்கம் போகிறது, சத்தம் ஒரு பக்கம் வருகிறது. அணைத்துவிட்டு மறுபடி போட்டால் கொஞ்ச நேரத்துக்குச் சரி. கம்ப்யூட்டர் கடையில் கேட்டால், லினக்ஸ் என்றால் அப்படித்தான், பேசாமல் புதுசு வாங்குங்கள் என்கிறார்கள். நிஜந்தானா?"

நிஜமில்லை. புதுசும் வேண்டாம். அணைத்துப் போட்டால் சரியாகிறது என்று எழுதினாரே, அந்த ஒரு வரியில் பாதி விடை இருக்கிறது.

டிவிடி பெரிய சாப்பாட்டு ராமன் இல்லை. தட்டிலிருந்து படமும் ஒலியும் சேர்ந்து நொடிக்கு அதிகபட்சம் ஒன்றேகால் மெகாபைட் வந்தால் போதும். கல்யாண ஸ்டூடியோக்காரர் எழுதித் தந்த தட்டுக்கு அதைவிடக் குறைவே போதும். 2006-ஆம் வருடத்துக் கணினிக்கு இதை விரித்துத் திரையில் காட்டுவது கஷ்டமே இல்லை. அப்படியானால் எங்கே திக்குகிறது?

என் சித்தப்பா மகள் கல்யாணம் திருமயம் பக்கம் நடந்தது. பரிமாற வர வேண்டிய ஆட்கள் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார்கள். இலை போட்டாயிற்று, சனம் உட்கார்ந்தாயிற்று. சமையல் மாஸ்டர் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தார். பிறகு தானே வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குள் இறங்கிவிட்டார். கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் சாம்பார் ஊற்றிவிட்டுத் திரும்புவதற்குள் அடுப்பில் பாயசம் அடிப்பிடித்தது. அதைக் கிண்டப் போனால் இங்கே ரசத்துக்குக் கை நீட்டியவர்கள் நீட்டியபடி. சமையலிலும் குறையில்லை, பண்டத்துக்கும் பஞ்சமில்லை. சமைக்கிறவரே சுமந்ததுதான் கோளாறு.

டிவிடி திக்குகிற கணினியில் அநேகமாக இதுதான் நடக்கிறது. டிரைவ் படித்த தரவு நினைவகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, டிரைவும் கட்டுப்பாட்டுச் சில்லும் பேசிக்கொண்டு நேராக நினைவகத்தில் இறக்கிவிட்டு, "வேலை முடிந்தது" என்று பிராசஸருக்கு ஒரு தட்டுத் தட்டுவது. இது டிஎம்ஏ. மற்றது, பிராசஸரே டிரைவின் வாசலில் நின்று ஒவ்வொரு கவளமாக வாங்கி எடுத்துப்போய் வைப்பது. இது பிஐஓ. ஒரு கவளம் என்பது வழக்கமாக இரண்டு பைட். நொடிக்கு ஒன்றேகால் மெகாபைட்டை இரண்டிரண்டு பைட்டாக வாங்குவதென்றால் நொடிக்கு ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட நடை. நடுவில் சுருக்கிவைத்த படத்தை விரிக்கவும் வேண்டும், ஒலியோடு சேர்த்து நொடிக்கு 25 படம் காட்டவும் வேண்டும். பாயசம் அடிப்பிடிக்காமல் என்ன செய்யும்?

எனக்கு இதில் தீராத ஆச்சரியம் ஒன்று உண்டு. பிஐஓவை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. கணினி தானாகவே அதற்கு இறங்கிவிடுகிறது. வேகமாக அனுப்பிய தரவில் பிழை வருகிறது, அல்லது டிரைவ் கேட்ட நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை என்றால், லினக்ஸின் கர்னல் மறுபடி கேட்டுப் பார்க்கும். தொடர்ந்து அப்படியே நடந்தால், "இந்த வேகம் ஒத்துவரவில்லை" என்று ஒரு படி இறங்கும். அப்புறம் இன்னொரு படி. கடைசியில் பிஐஓ. தரவு கெட்டுப்போவதைவிட மெதுவாக வருவது மேல் என்ற எச்சரிக்கை அது. நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செய்வதுதான் குறை. மறுபடி ஆன் செய்யும்போது பழைய கதை மறந்து மேல்படியிலிருந்து தொடங்கும். மாப்பிள்ளை அழைப்பு மட்டும் அருமையாக ஓடுகிற ரகசியம் இதுதான்.

சொல்லவில்லை என்றேனே தவிர, எழுதிவைக்கிறது. டெர்மினலில் டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்தை அடித்தால் கர்னலின் குறிப்பேடு விரியும். (அனுமதி இல்லை என்றால் முன்னால் சுடோ சேர்க்க வேண்டும்.) ஏடிஏ என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். முதலில் யுடிஎம்ஏ என்றிருந்தது பிறகு ஒரு வரியில் பிஐஓ4 என்று மாறியிருந்தால் திருடன் அகப்பட்டான். ஹெச்டிபார்ம் என்ற கட்டளையால் டிஎம்ஏவைப் போட்டுவிடலாம் என்று பழைய குறிப்புகள் சொல்லும். அந்தக் காலத்துக்கு அது சரி. இன்றைய கர்னலில் செல்லாது. அது நம்பியிருந்த பழைய ஐடிஇ நிரல்கள் 2021-இல் வந்த 5.14 பதிப்பில் எடுக்கப்பட்டுவிட்டன.

பிழை ஏன் வந்தது என்பதுதான் அடுத்தது. இந்த வயதுக் கணினியில் டிரைவையும் போர்டையும் இணைப்பது சாம்பல் நிறப் பட்டைக் கேபிள். மடங்கி மடங்கி உள்கம்பி விட்டிருக்கும், அல்லது முனை தளர்ந்திருக்கும். நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் செம்மண் புழுதி பெட்டிக்குள் போகாத வீடு ஏது? மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு முனையைக் கழற்றித் துடைத்து அழுத்திச் செருகினாலே பாதிப் பேருக்குத் தீர்ந்துவிடும். இல்லையென்றால் கேபிளை மாற்ற வேண்டும்.

தட்டும் குற்றவாளியாக இருக்கலாம். டிவிடியில் தரவு உள்வட்டத்தில் தொடங்கி வெளியே சுற்றிக்கொண்டு போகும் ஒரே சுருள்பாதை. அடுத்தடுத்த சுற்றுக்கு இடைவெளி 0.74 மைக்ரான். நாம் பிடிப்பது வெளிவிளிம்பில். அதனால் நிறைய எழுதிய தட்டில் விரல் கறை முதலில் கெடுப்பது கடைசிக் காட்சிகளை. துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்து, அதனால் கீறல் விழுந்தால், அது பாதையோடே ஓடும்; டிவிடியின் பிழைதிருத்தக் கணக்கால்கூட அத்தனை நீளமான சேதத்தைச் சரிக்கட்ட முடியாது.

கேபிளா தட்டா என்று குழம்புகிறவர்களுக்கு: தட்டில் உள்ள விஓபி கோப்பு ஒன்றை ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து அங்கிருந்து ஓட்டுங்கள். அங்கே வழுக்கிக்கொண்டு ஓடினால் டிரைவ், கேபிள், தட்டு இந்த மூன்றில் ஒன்று. அங்கேயும் திக்கினால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் பாருங்கள். படத்தைத் திரை அளவுக்குப் பெரிதாக்கும் வேலையும் பிராசஸர் தலையில் விழுந்திருக்கும். அசையும்போது சீப்புப் பல் மாதிரிக் கோடு தெரிவது வேறு விஷயம், விஎல்சி பிளேயரின் டீஇன்டர்லேஸ் வசதி அதைத் தீர்க்கும். கடையில் வாங்கிய சினிமா டிவிடி ஓடவே மறுத்தால் அது பூட்டு விவகாரம். கல்யாண டிவிடிக்குப் பூட்டு கிடையாது.

இவ்வளவுக்கும் ஆன செலவு, கேபிள் மாற்றினால் ஒரு கேபிள். "லினக்ஸ் என்றால் அப்படித்தான்" என்ற பேச்சைக் கேட்டால்தான் எனக்கு ஆறவில்லை. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில், வின்டோஸோடு பாஸ் லினக்ஸும் பிள்ளைகள் கைக்கு வந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கியது. தமிழ் தெரிந்த லினக்ஸ் நம் வீட்டுக்கே வந்து நின்றது. எத்தனை வீட்டில் திறந்து பார்த்தோம்? "இடத்தை அடைக்கிறது" என்று அழித்ததைத்தான் நான் அதிகம் பார்த்தேன். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் கற்ற மாவட்டம் இது. அன்றைக்குச் செயின் கழன்றால் ஓரமாக நிறுத்தி, குச்சியால் தூக்கி மாட்டிவிட்டுப் போனார்கள். சைக்கிள் என்றால் அப்படித்தான் என்று யாரும் புதுசு வாங்கச் சொல்லவில்லை.

வாசகருக்கு இதையெல்லாம் சுருக்கி ஒரு அட்டையில் எழுதிப் போட்டேன். நகலெடுத்து ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள், எழுதிய டிவிடிக்கு வெயிலும் வயசும் ஆகாது என்றும் சேர்த்திருந்தேன். பத்து நாளில் பதில் வந்தது. கேபிள்தானாம். இப்போது கடைசிவரை ஒரு திக்கல் இல்லையாம். திக்கியபோது தெரியாமலிருந்த ஒன்று இப்போது வீட்டில் எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்துவிட்டது என்று வருத்தப்பட்டிருந்தார்: அவருடைய மாமா முதல் பந்தியிலும் இருக்கிறார், மூன்றாம் பந்தியிலும் இருக்கிறார்.