கத்தி அலகுக் காப்புப் பூச்சு

கத்தி அலகு விரைவில் தேயாமலிருக்க அதன்மேல் ஏற்றப்படும் மெல்லிய கடினப் படலம் காப்புப் பூச்சு எனப்படும். கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூரில் டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்ட் போன்ற ஆலைகள் இருப்பதால், உலோகம் வெட்டும் அலகுகளுக்கும் அவற்றின் பூச்சுக்கும் தேவை அதிகம்.

பரவலாக அறியப்பட்டது டைட்டேனியம் நைட்ரைடு. காற்று நீக்கிய அறையில் டைட்டேனியத்தை மின்வில்லால் ஆவியாக்கி, நைட்ரஜன் வாயுவைச் செலுத்துவர். இரண்டும் சேர்ந்து அலகின்மேல் பொன்னிறமாகப் படியும். (தங்கம் என்று எண்ணிவிட வேண்டாம்.) தடிமன் சுமார் 2 முதல் 4 மைக்ரோமீட்டர், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது.

எந்தக் கத்திக்கும் இதைப் பூசிவிட முடியாது. அறையின் வெப்பம் பெரும்பாலும் 400° செல்சியசுக்கு மேல் இருக்கும். உயர்வேக எஃகு ஏறத்தாழ 550° செல்சியசில் பதமாக்கப்படுவதால் அதைத் தாங்கும். பட்டறையில் அடித்த கார்பன் எஃகுக் கத்தியின் பதமோ ஏறத்தாழ 200° செல்சியசில் அமைந்தது. அதை அறைக்குள் வைத்தால் மேலே பொன்னிறப் படலம், உள்ளே பதமிழந்த எஃகு. எலும்பில் பட்டால் கூர் மடங்கும். வீட்டுக் கத்தியை ஈரம் போகத் துடைத்து எண்ணெய் தடவி வைத்தாலே போதும்.

சாணை பிடிக்கும்போது கூரிலுள்ள பூச்சு போய்விடும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் தீட்டும் ஆலைக் கத்திகளில், தீட்டாத பக்கத்துப் பூச்சு கூரைத் தொடர்ந்து காக்கும்.