செயற்கைக்கோள் தொலைக்காட்சியில் அலையும் அனுமதியும்: இலவச முன்னோட்டத்தை முன்வைத்து

முன்னுரை

கட்டண அலைவரிசை ஒன்று சில நாள்கள் இலவசமாகத் தெரிவதும், பின்னர் சந்தா செலுத்துமாறு கூறும் அறிவிப்பை விட்டு மறைவதும் டி.டி.எச். இணைப்புள்ள வீடுகளில் வழக்கமாகும். இதனை இலவச முன்னோட்டம் என்பர். அந்நாள்களில் மட்டுமே அலைவரிசை வீட்டிற்கு அனுப்பப்படுவதாகத் தோன்றலாம். உண்மையில் அலை எந்நாளும் வந்துகொண்டிருக்கிறது. மாறுவது அனுமதி மட்டுமே. இதன் தொழில்நுட்ப அடிப்படையை இக்கட்டுரை விளக்குகிறது.

அலையின் பயணம்

நிலநடுக்கோட்டிற்கு மேலே ஏறத்தாழ 35,786 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், புவி தன்னைத்தானே சுற்றும் அதே கால அளவில் ஒரு சுற்றை முடிக்கிறது. ஆதலால் அது வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். இப்பாதையில் மூன்று நிலையங்களை நிறுத்தி உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று ஆர்தர் சி. கிளார்க் 1945ஆம் ஆண்டிலேயே எழுதினார். வீட்டுக் கூரையிலுள்ள டிஷ் ஒருமுறை திருப்பி வைத்தபின் அசையாதிருப்பதற்கு இதுவே காரணம்.

நிறுவனத்தின் தரைநிலையத்தில் பல அலைவரிசைகள் சுருக்கப்பட்டு, ஒரே தொகுப்பாக விண்ணிற்கு அனுப்பப்படுகின்றன. செயற்கைக்கோளிலுள்ள டிரான்ஸ்பாண்டர் அவற்றின் அதிர்வெண்ணை மாற்றி, வலுவூட்டித் தரைக்குத் திருப்பியனுப்புகிறது. இவ்வலையின் நீளம் ஏறத்தாழ 2.5 செ.மீ. மட்டுமே, மழைத்துளிகள் இதனை உறிஞ்சிச் சிதறடிப்பதால் கனமழையில் படம் உறைகிறது.

பூட்டும் திறவுகோலும்

கட்டண அலைவரிசைகள் தரைநிலையத்திலேயே மறையாக்கம் செய்யப்படுகின்றன. மறைவிலக்கும் திறவுகோல் சில நொடிகளுக்கு ஒருமுறை மாறும். அதுவும் மறைக்கப்பட்ட நிலையில் அலையோடு சேர்ந்தே வருகிறது. செட்டாப் பாக்ஸின் அட்டையில் உரிமை பதிவாகியிருந்தால் மட்டுமே அத்திறவுகோல் பயன்படும். அட்டையின் எண்ணைக் குறித்த உரிமைச் செய்தியும் செயற்கைக்கோள் வழியாகவே வருகிறது.

இவ்வழி ஒருவழிப் பாதை. செய்தி பெட்டியை அடைந்ததா என்பதை நிறுவனம் அதன்வழி அறிய இயலாது. எனவே செய்தி திரும்பத் திரும்ப அனுப்பப்படுகிறது. பணம் செலுத்தியவர் பெட்டியைச் சிறிது நேரம் இயக்கத்தில் வைக்குமாறு கூறப்படுவதும் இதனால்தான். முன்னோட்டக் காலத்தில் எல்லா அட்டைகளுக்கும் காலவரையறையுள்ள உரிமை தரப்படும். அல்லது அவ்வலைவரிசை மறையாக்கமின்றி அனுப்பப்படும்.

தடையின் இடமாற்றம்

1975-76இல் நடைபெற்ற 'சைட்' என்னும் செயற்கைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்களை நேரடி அலைவாங்கிகள் மூலம் அடைந்தது. அக்காலத்தில் காண்பதற்குத் தடையாயிருந்தது கருவி. ஊருக்கொரு பொதுப்பெட்டி வைத்தே அத்தடை கடக்கப்பட்டது. இன்று சிறிய டிஷ் கூரைதோறும் உள்ளது; தடை அட்டைக்குள் இடம்பெயர்ந்துள்ளது. 2004இல் தூர்தர்ஷன் தொடங்கிய, இன்று டிடி ஃப்ரீ டிஷ் எனப்படும் சேவையில் மாதச் சந்தா இல்லை. அங்கு இடம்பெறும் தனியார் அலைவரிசைகளே ஏலத்தில் கட்டணம் செலுத்துகின்றன.

முடிவுரை

செயற்கைக்கோளின் அலை, சந்தா செலுத்திய வீட்டையும் செலுத்தாத வீட்டையும் வேறுபடுத்துவதில்லை. இரண்டின் மீதும் ஒன்றாகவே விழுகிறது. யார் காணலாம் என்பதை முடிவுசெய்வது திறவுகோலும், அதன் விலையை யார் ஏற்பது என்னும் ஏற்பாடுமே. இலவச முன்னோட்டம் இவ்வேறுபாட்டைச் சில நாள்கள் வெளிப்படையாகக் காட்டுகிறது.