எண்ணாக மாறிய நட்பு

வளரிளம் பருவத்தினரையும் கைப்பேசியையும் பற்றிப் பேச்செடுத்தாலே, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்ற கேள்விதான் பெற்றோரிடமிருந்தும் ஆசிரியர்களிடமிருந்தும் முதலில் வருகிறது. ஆனால், இத்துறையில் நடந்துள்ள ஆய்வுகளை ஊன்றிப் படித்தால், நேரத்தைவிடப் பெரிய மாற்றம் வேறிடத்தில் நிகழ்ந்திருப்பது விளங்கும். கூட்டாளிகளின் முகக்குறிப்பிலிருந்தும் பேச்சிலிருந்தும் ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்த மதிப்பு, 2009 பிப்ரவரியில் ஃபேஸ்புக் 'லைக்' பொத்தானைக் கொண்டுவந்ததைத் தொடர்ந்து, எல்லோர் கண்ணிலும் படும் ஓர் எண்ணாக மாறிவிட்டது.

அந்த எண் மூளையில் என்ன செய்கிறது என்பதை ஆராய்ந்த முக்கியமான சோதனை ஒன்று, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்டு 2016இல் வெளியானது. லாரன் ஷெர்மன், மிரெல்லா டப்ரெட்டோ முதலானோர் அடங்கிய குழு, 13 முதல் 18 வயது வரையுள்ள 32 பேரைச் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. கருவிக்குள், அதாவது ரத்த ஓட்டத்தின் மாறுதலைக் கொண்டு மூளையின் எப்பகுதி மும்முரமாக இயங்குகிறது என்று காட்டும் கருவிக்குள் படுக்கவைத்து, இன்ஸ்டாகிராமை ஒத்த திரையில் 148 படங்களைக் காட்டியது. அவற்றுள் 40 படங்கள் அவரவர் கொடுத்தவை. சக வயதினர் போட்டவை என்று அவர்கள் நம்பிய லைக்குகள் உண்மையில் ஆய்வாளர்களே வைத்த எண்கள். அப்படியிருந்தும், தம் படத்துக்கு லைக் குவிந்திருப்பதைக் கண்டபோது, பணமோ இனிப்போ கிடைக்கையில் தூண்டப்படும் நியூக்ளியஸ் அக்கம்பன்ஸ் என்னும் வெகுமதிப் பகுதி அவர்களிடம் கூடுதலாக இயங்கியது.

அதே சோதனையில் இதைவிடக் கவலை தரும் செய்தியும் இருக்கிறது. ஒரே படத்தைச் சிலருக்கு நிறைய லைக்குகளுடனும் வேறு சிலருக்குக் குறைந்த லைக்குகளுடனும் காட்டியபோது, பெரிய எண்ணைப் பார்த்தவர்களே தாமும் லைக் போடுவதில் அதிக நாட்டம் காட்டினார்கள். புகைபிடித்தல், மது அருந்துதல் போன்றவற்றைச் சித்திரிக்கும் படங்களைப் பார்க்கையில், மனத்தை அடக்கி நிறுத்தும் மூளைப் பகுதிகளின் இயக்கம் தணிந்தது. 32 பேர் சிறிய கூட்டம்தான் என்றாலும், 2005இல் மார்கோ கார்டனரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டியிருந்தது: கணினியில் கார் ஓட்டும் விளையாட்டின்போது, நண்பர்கள் அருகிலிருந்தால் இளையவர்கள் துணிந்து ஆபத்தைத் தேடினார்கள், பெரியவர்களிடம் அந்த மாற்றம் தென்படவில்லை. அன்று அறைக்குள் உட்கார்ந்திருந்த நண்பர்கள் இன்று இரவு பகலாகச் சட்டைப்பைக்குள் இருக்கிறார்கள்.

ஒதுக்கப்படுதலின் வலியும் இந்த வயதில் கூர்மையானது. 'சைபர்பால்' என்னும் சோதனையில் பங்கேற்பவர் உட்பட மூவர் திரையில் பந்தெறிந்து விளையாடுவதாகக் காட்டப்படும். சிறிது நேரத்தில் மற்ற இருவரும், உண்மையில் அவர்கள் வெறும் நிரல்களே, பந்தைத் தமக்குள் மட்டும் எறிந்துகொள்வார்கள். 2010இல் லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவுப்படி, இவ்வாறு விலக்கப்பட்ட பதின்பருவப் பெண்களின் மனநிலை வயதுவந்த பெண்களைவிட அதிகமாகச் சரிந்தது. வாட்ஸ்அப் 2014இல் கொண்டுவந்த நீலநிற டிக் இந்த விலக்கலை அன்றாடமாக்கியிருக்கிறது: செய்தியைத் தோழி படித்துவிட்டாள், பதில் இல்லை என்பது மட்டும் தெரிகிறது, பஸ்ஸில் இருந்தாளா, அம்மா கூப்பிட்டாரா என்ற காரணம் தெரிவதில்லை. அந்த இடைவெளியைப் பதினைந்து வயது மனம் தன் குறைகளைக் கொண்டே நிரப்பிக்கொள்கிறது.

ஆயினும், திரைதான் எல்லாத் துயருக்கும் வேர் என்று முடிவுகட்டுவது அறிவியலாகாது. ஏமி ஓர்பெனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் 3,55,358 இளையோரின் தரவுகளை அலசி 2019இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களின் மனநல வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புபடுத்தக்கூடியது அதிகபட்சம் 0.4 சதவீதமே. இந்தச் சராசரி ஆறுதல் தருகிறது. ஆனால், வெளியூர்த் தோழியுடன் மனம்விட்டுப் பேசிய ஒரு மணி நேரமும், வகுப்புக் குழுவில் கேலிக்கு ஆளாகிக் கூனிக் குறுகிய ஒரு மணி நேரமும் அதில் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. பள்ளியில் துணை கிடைக்காத பிள்ளைக்குத் தன்னைப் போன்றவர்களைக் காட்டித் தருவதும் இதே திரைதான்.

நேரக் கணக்கு உண்மையிலேயே முக்கியமாவது இரவில்தான். உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின் என்னும் ஹார்மோன் இந்தப் பருவத்தில் இயல்பாகவே தாமதமாகச் சுரக்கிறது. அதன்மேல் கைப்பேசியின் வெளிச்சமும், அதைவிடக் கூடுதலாக, யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்ற பரபரப்பும் சேரும்போது, 13 முதல் 18 வயதினருக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் கரைந்துபோகிறது.

சட்டங்கள் வரத் தொடங்கியுள்ளன: 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் ஆஸ்திரேலியச் சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்துக்காகக் காத்திராமல் வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. பெற்றோர் தம் கைப்பேசி உட்பட வீட்டின் எல்லாக் கைப்பேசிகளையும் இரவில் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடட்டும். எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று அதட்டுவதற்கு முன், அங்கே இன்று யார் என்ன சொன்னார்கள் என்று பொறுமையாகக் கேட்கட்டும்.