தகர டப்பாவில் ஒரு தகடு

அரியலூர் மாவட்டம் செந்துறையில் என் பெரியப்பா வீட்டு அலமாரியில் ஒரு தகர டப்பா இருக்கிறது. குலுக்கினால் கலகலக்கும். உள்ளே எட்டு ஓட்டை போட்ட எஃகுத் தகடு ஒன்றும் ஆறு ஸ்குருவும். முந்திரிக் கொல்லைக்குப் போகும் வழியில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று உரசிவிட்டுப் போனதில் அவருக்குக் கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது. அதைச் சேர்த்துப் பிடித்திருந்தவை இவை. வைக்க ஓர் ஆபரேஷன், மழை நாளில் உள்ளே குத்துகிறது என்று எடுக்க இன்னோர் ஆபரேஷன்.

அவருடைய அப்பா காலத்தில் இந்தப் பேச்சே இல்லை. பனையிலிருந்து விழுந்தாலும் வண்டிச் சக்கரம் ஏறினாலும் கட்டுப் போடுகிறவர் வருவார். கையால் நீவி எலும்பைச் சேர்ப்பார். முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தைகளை வைத்து, பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றுவார். கோணலாக ஒட்டியவர்கள், ஒட்டாமலே போனவர்கள், சீழ் வைத்துக் காலை இழந்தவர்கள் எல்லாம் உண்டு. அந்தக் காலத்தை நினைத்து நான் ஏங்கமாட்டேன். ஆனாலும் அந்தக் கட்டுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. வேலை முடிந்ததும் அவிழ்ந்து போய்விடும்.

தகடு எலும்பை நேராக ஒட்ட வைத்தது, போகத்தான் தெரியவில்லை. எலும்பைவிட எஃகு பல மடங்கு விறைப்பானது. டைட்டானியம் ஏறக்குறைய அதில் பாதி, அதுவும் அதிகம்தான். பாரத்தையெல்லாம் தகடே சுமந்துகொண்டால், சும்மா இருக்கும் எலும்பு மெலிகிறது. உழைக்காத கை சூம்பிப் போவதுபோலத்தான்.

சேர்த்தும் பிடிக்க வேண்டும், முடிந்ததும் போய்விடவும் வேண்டும். இந்த இரண்டையும் செய்யக்கூடிய உலோகம் மக்னீசியம். விறைப்பில் எலும்புக்கு நெருக்கம், எடையில் எஃகில் கால் பங்குகூட இல்லை. நம் உடம்பிலேயே 25 கிராம் அளவுக்கு இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் எலும்பில். கரைந்தால் சிறுநீரில் போய்விடும்.

இது புது யோசனையும் அல்ல. 1878-லேயே எட்வர்ட் ஹியூஸ் என்ற மருத்துவர் ரத்தக்குழாயைக் கட்ட மக்னீசியக் கம்பியைப் பயன்படுத்தினார். 1906-ல் பெல்ஜியத்தில் ஆல்பன் லாம்போட், 17 வயது நோயாளி ஒருவரின் முறிந்த காலில் மக்னீசியத் தகட்டை வைத்து எஃகு ஸ்குருவால் முடுக்கினார். எட்டே நாளில் தகடு சிதைந்து, தோலுக்கடியில் காற்று உப்பியது. ஈரத்தில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் இளைத்தது வேகமாக அரிபடும், இங்கே அது மக்னீசியம். அதோடு, ஒரு கிராம் மக்னீசியம் கரையும்போது சுமார் ஒரு லிட்டர் ஹைட்ரஜன் வெளியாகிறது. மெல்ல வந்தால் உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். மொத்தமாக வந்தால் எங்கே போகும்? பிறகு துருப்பிடிக்காத எஃகு வந்தது, மக்னீசியத்தை ஓரம் கட்டிவிட்டார்கள்.

லாம்போட்டிடம் உலோகம் இருந்தது, பூச்சு இல்லை. என் பாட்டி பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசாமல் அதில் புளிக்குழம்பு வைக்கமாட்டாள். பூச்சு தேய்ந்த இடத்தில் களிம்பு ஏறும் என்று தெரியும். மக்னீசியத்துக்கும் அப்படி ஒரு பூச்சு வேண்டும், ஒரு வித்தியாசத்தோடு. ஈயப்பூச்சு எவ்வளவு நாள் தாங்குகிறதோ அவ்வளவு நல்லது. இதுவோ எலும்பு ஒட்டும் மூன்று நான்கு மாதம் தாங்கிவிட்டு, பிறகு விட்டுக்கொடுக்க வேண்டும். அடியோடு கரையாத பூச்சு போட்டால் திரும்பவும் பெரியப்பாவின் டப்பாதான்.

அப்படி ஒரு பூச்சுக்கான வேலை எங்கள் பக்கத்துத் திருச்சி என்.ஐ.டி.யில் நடந்திருக்கிறது. 1964-ல் ஆர்.இ.சி.யாகத் தொடங்கிய அதே கல்லூரி. அங்கே உலோகவியல் துறையில் ரமேஷ்பாபுவும் ஸ்ரீகாந்தும் ஏ.இசட்.31 என்ற மக்னீசியக் கலவைக்கு இரண்டடுக்குப் பூச்சு போட்டு 2012-ல் அதை வெளியிட்டார்கள். உலோகத்தைக் காரக் கரைசலில் முக்கி நூற்றுக்கணக்கான வோல்ட் மின்சாரம் கொடுப்பார்கள். தண்ணீருக்குள் வெல்டிங் வைத்ததுபோல மேற்பரப்பு முழுக்கப் பொடிப்பொடியாகத் தீப்பொறி பறக்கும். அந்தச் சூட்டில் உலோகத்தின் தோலே பீங்கானாக மாறிவிடும். பிளாஸ்மா மின்பகு ஆக்சிஜனேற்றம் என்று இதற்குப் பெயர். பொறி பறந்த இடமெல்லாம் ஆப்பம்போல ஓட்டை விழுந்திருக்கும், அது வழியாக உடம்பின் உப்புநீர் இறங்கும். அதனால் மேலே மின்சாரத்தைக் கொண்டே ஹைட்ராக்ஸி அபடைட் துகள்களைப் படிய வைத்தார்கள். நம் எலும்பில் இருக்கும் கனிமத்தின் இனம் அது, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தது.

கால்சியத்துக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. எப்போதோ கடல் ஏறி இறங்கிப் போட்டுவிட்டுப் போன சுண்ணாம்புக்கல்லை வைத்துத்தான் ஆலத்தியூரிலும் தளவாயிலும் சிமென்ட் ஆலை ஓடுகிறது. பாஸ்பேட் உருண்டைகளுக்கு ஊட்டத்தூர் பக்கம் பேர்போனது. மக்னீசியமோ சேலத்து வெள்ளைக்கல்லில் கிடக்கிறது, ஆனால் அந்தக் கல் பெரும்பாலும் உலைச் செங்கல்லாகத்தான் போகிறது. எல்லாம் சுற்றுவட்டாரத்திலேயே. ஆய்வுக்கூடம் அதையெல்லாம் பாட்டிலில் வாங்குகிறது என்பது வேறு விஷயம்.

உலகில் மற்ற இடங்களில் இது ஆய்வுக்கூடத்தைத் தாண்டிவிட்டது. ஜெர்மனியின் சின்டெலிக்ஸ் நிறுவனத்தின் மக்னீசிய ஸ்குரு 2013-ல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. 2016-ல் அனுமதி பெற்ற இதயக்குழாய் மக்னீசிய ஸ்டென்டின் மேல் மருந்தோடு சேர்ந்த கரையும் பாலிமர் பூச்சு உண்டு. அமெரிக்கா 2023-ல்தான் பின்லாந்துக்காரர்களின் ஸ்குருவுக்குக் கதவு திறந்தது. ஆனால் ஸ்குரு சிறியது, பெரும்பாலும் சிறு எலும்புகளுக்குப் போகிறது. கால் எலும்பின் பாரத்தைத் தாங்கும் தகடு வேறு கதை. மருத்துவர் ஸ்குருவை முடுக்கும்போது பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அங்கிருந்தே அரிப்பு தொடங்கும். சென்னையில் தேசிய உலோகவியல் ஆய்வகக் கிளையைச் சேர்ந்த சங்கர நாராயணனும் கொரிய ஆய்வாளர்களும் 2014-ல் இந்தத் தீப்பொறிப் பூச்சுகளை முழுக்க அலசி எழுதியபோது, தலைப்பிலேயே வாய்ப்புகளோடு சவால்களையும் சேர்த்திருந்தார்கள்.

அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. காலை முறித்துக்கொண்டவரைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் ஓடிய காலம்போல இல்லை இப்போது. இருந்தாலும் பிளேட் என்றால் இன்றைக்கும் எஃகு அல்லது டைட்டானியம்தான்.

போன தடவை ஊருக்குப் போனபோது இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். பூச்சு, தீப்பொறி, ஹைட்ரஜன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு டப்பாவை எடுத்து ஒரு தடவை குலுக்கினார்.

"எல்லாஞ் சரி தம்பி. தானா கரைஞ்சு போயிட்டா, நாளைக்கு லாரிக்காரன் மேல போட்ட கேசுல எதைக் காட்டுறது?"