வரும் என்று கேள்விப்பட்ட விமானங்கள்

1953ஆம் ஆண்டின் இறுதியில் எங்கள் நெரவியில் பிரெஞ்சுக் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. காரைக்கால் பகுதி இந்திய ஆட்சியின்கீழ் வந்தது 1954 நவம்பர் 1ஆம் நாள். ஆனால் அதற்கு ஓராண்டு முன்னரே, பிரான்சில் செய்யப்பட்ட 'ஊரகான்' என்னும் ஜெட் போர் விமானங்கள் இந்தியாவுக்கு வரத் தொடங்கிவிட்டன. ஊரகான் என்பது பிரெஞ்சு மொழியில் சூறாவளியைக் குறிக்கும். நம் விமானப்படையினர் அதற்குத் 'தூஃபானி' என்று பெயரிட்டு வழங்கினர். காரைக்காலும் புதுச்சேரியும் யாருக்குரியவை என்ற வழக்கு ஒருபுறம் இருக்க, அதே இரு அரசாங்கங்களுக்கிடையே விமான வாணிகம் மறுபுறம் நடந்தது. ஆயுதச் சந்தையின் போக்கே அப்படித்தான்.

மாணவ நண்பர்களே, ஒரு நாடு போர் விமானம் வாங்கப்போகிறது என்ற பேச்சு எழுந்த அளவிலேயே அண்டை நாடு ஏன் பரபரப்படைகிறது? விமானம் வந்திறங்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஏன் இருப்பதில்லை? இதற்கு விடை, விமானம் வாங்குவதில் உள்ள காலதாமதத்தில் அடங்கியிருக்கிறது.

போர் விமானம் என்பது கடையில் பணம் கொடுத்து அன்றே ஓட்டிவரும் மிதிவண்டி அன்று. விலை பேச வேண்டும். ஒப்பந்தம் எழுதி முன்பணம் கொடுக்க வேண்டும். அதன் பின்னரே தொழிற்சாலையில் வேலை தொடங்கும். விமானிகளும் பழுது பார்ப்போரும் அந்நாடு சென்று பயில வேண்டும். ரஃபேல் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். 126 போர் விமானங்களுக்காக இந்தியா விலைப்புள்ளி கோரியது 2007இல். ரஃபேல் தெரிவு செய்யப்பட்டது 2012இல். பேச்சு முறிந்து, 36 விமானங்களுக்கு மட்டும் ஒப்பந்தம் கையெழுத்தானது 2016 செப்டம்பரில். முதல் ஐந்து விமானங்கள் அம்பாலாவில் இறங்கியது 2020 ஜூலை 29ஆம் நாள். கடைசி விமானம் வந்து சேர்ந்தது 2022 டிசம்பரில். விமானத்தைக் கண்ணால் கண்ட பின்னரே தன் ஏற்பாட்டைத் தொடங்கும் அண்டை நாடு, பல ஆண்டுகள் பின்தங்கிப் போகும். ஆகவே அது செய்தியை வைத்தே முடிவு செய்யக் கடமைப்பட்டிருக்கிறது. அந்த நிலையில் மெய்ச்செய்தியும் வதந்தியும் ஒரே ஆடை உடுத்தி நிற்கின்றன என்பதே இடர்ப்பாடு.

1954இல் பாகிஸ்தான் அமெரிக்காவுடன் இராணுவ உதவி ஒப்பந்தம் செய்துகொண்டது. சோவியத் நாட்டைத் தடுத்து நிறுத்துவதே அமெரிக்காவின் நோக்கம். ஆனால் ஒப்பந்தத்தின் பயனாக வந்த நூற்றுக்கு மேற்பட்ட சேபர் விமானங்கள் நின்றதோ நமது எல்லையோரத்தில். 1957இல் இந்தியா பிரான்சிடமிருந்து மிஸ்தேர் விமானங்களையும், பிரிட்டனிடமிருந்து ஹண்டர் விமானங்களையும் பெறத் தொடங்கியது. 1961இல், ஒலியினும் இருமடங்கு வேகத்தில் பறக்கவல்ல ஸ்டார்ஃபைட்டர் பாகிஸ்தானுக்கு வந்தது. வந்தவை பன்னிரண்டே! எனினும் அதற்கு ஈடான விமானம் இந்தியாவிடம் அன்று ஒன்றுமில்லை. 1962இல் இந்தியா சோவியத் நாட்டுடன் மிக்-21 விமானத்துக்கு உடன்பாடு செய்துகொண்டு, அதனை இங்கேயே கட்டும் உரிமையையும் பெற்றது. நாசிக்கில் உடற்பகுதியும், கோராபுட்டில் எஞ்சினும் உருவாயின. எண்ணூற்றுக்கு மேற்பட்ட மிக்-21 விமானங்கள் நம் படையில் பணிபுரிந்து, 2025 செப்டம்பர் 26ஆம் நாள் சண்டிகரில் விடைபெற்றன. அத்தனையும் அந்தப் பன்னிரண்டுக்கு மறுமொழி என்று கூறுவது மிகையாகும். சீனப் போரும் இடையில் வந்தது. ஆயினும் தொடக்கத்தில் தூண்டுகோல் அதுவே.

பணம் கொடுத்தும் விமானம் வாராத கதை ஒன்றும் உண்டு. 1981இல் அமெரிக்கா பாகிஸ்தானுக்கு நாற்பது எஃப்-16 விமானங்கள் தர இசைந்தது. அடுத்த ஆண்டே இந்தியா பிரான்சுடன் மிராஜ்-2000 விமானத்துக்கு ஒப்பந்தம் செய்தது. பாகிஸ்தான் மேலும் எஃப்-16 விமானங்களுக்குப் பணம் கட்டியது. 1990இல், அந்நாட்டிடம் அணுகுண்டு இல்லை என்று சான்றளிக்க அமெரிக்க அதிபர் மறுத்துவிட்டார். சட்டப்படி எல்லாம் நின்றன. கட்டி முடிக்கப்பட்ட 28 விமானங்கள் அரிசோனாப் பாலைவனத்தில் வெயில் காய்ந்தன. 1998இல்தான் ஒரு பகுதியைப் பணமாகவும் எஞ்சியதைப் பண்டமாகவும் திருப்பித் தர அமெரிக்கா ஒப்புக்கொண்டது. அவ்விமானங்களுட் சிலவற்றை அமெரிக்கக் கடற்படை, தன் விமானிகளின் பயிற்சியில் பகைவன் வேடம் போடப் பயன்படுத்திக்கொண்டது!

ரஃபேல் வந்த பின்னர், 2021 டிசம்பரில், பாகிஸ்தானின் உள்துறை அமைச்சரே, ரஃபேலுக்கு மறுமொழியாகச் சீன விமானங்கள் வரவிருப்பதாக அறிவித்தார். பெயரைச் சற்றே மாற்றிச் சொன்னார். எனினும் செய்தி மெய்யாயிற்று. 2022 மார்ச்சில் ஜே-10சி விமானங்கள் அந்நாட்டுப் படையிற் சேர்ந்தன. பாகிஸ்தான் இந்தியாவைப் பார்க்கிறது; இந்தியா சீனாவையும் பார்க்கிறது; சீனா அமெரிக்காவைப் பார்க்கிறது. 2020இல் நமது தஞ்சாவூரில் சுகோய் விமான அணி ஒன்று நிறுவப்பட்டது இந்துமாக்கடலை மனத்திற் கொண்டேயன்றி, வடமேற்கு எல்லையை எண்ணியன்று.

கணக்கில் விருப்பமுள்ள மாணவருக்கு ஒரு சொல். 36 ரஃபேல் விமானங்களுக்கான ஒப்பந்தத் தொகை ஏறத்தாழ 59,000 கோடி ரூபாய். வகுத்தால் ஒன்றுக்கு 1,640 கோடி வருகிறது. அதனை ஒரு விமானத்தின் விலை என்று எழுதிவிடாதீர்கள். ஏவுகணை, உதிரிப் பாகம், பயிற்சி, பராமரிப்பு, இந்தியாவுக்கென்று செய்த மாற்றங்கள் யாவும் அதில் அடக்கம். இரு நாட்டு விலைகளை ஒப்பிட்டுச் சண்டையிடுவோர் பெரும்பாலும் இதனை மறந்துவிடுகின்றனர்.

2025ஆம் ஆண்டு பிப்ரவரியில், எஃப்-35 விமானத்தை இந்தியாவுக்கு வழங்க வழி திறக்கப்போவதாக அமெரிக்க அதிபர் டிரம்ப் கூறினார். நம் வெளியுறவுச் செயலாளர் அன்றே, இது வெறும் முன்மொழிவு நிலையில்தான் உள்ளது என்று விளக்கினார். ஆயினும் இந்தியாவுக்கு உயர்ந்த இராணுவத் தொழில்நுட்பம் தரப்படுவது குறித்துப் பாகிஸ்தான் கவலை தெரிவித்தது. ஜூன் மாதத்தில், சீனா தனக்கு நாற்பது ஜே-35 விமானங்கள் தர முன்வந்திருப்பதாகப் பாகிஸ்தான் அரசாங்கம் வெளியிட்டது. இந்தியப் பத்திரிகைகளில் பெருந்தலைப்புகள் எழுந்தன. அவ்விமானத்தைச் செய்யும் சீன நிறுவனத்தின் பங்கு விலையும் ஏறிற்று. சில நாட்களில் பாகிஸ்தானின் பாதுகாப்பு அமைச்சரே, இவையெல்லாம் ஊடகப் பேச்சுகள், சீனாவின் ஆயுத விற்பனைக்கு நல்லவை என்னும் பொருள்படப் பேசினார். ஆகஸ்டு மாதத்தில் நம் நாடாளுமன்றத்தில் எஃப்-35 குறித்து வினா எழுந்தபோது, முறையான பேச்சு ஏதும் நடைபெறவில்லை என்று அரசாங்கம் விடையளித்தது.