லைசன்ஸ் இல்லாத கோட்: ரிவர்ஸ்டனில் கேட்ட ஒரு கேள்வி

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ஏறும் பாதை ரிவர்ஸ்டனைத் தாண்டி இல்லுக்கும்புர பக்கம் இறங்கும்போது பிட்டவல பத்தன வருகிறது. காற்றும் பனிமூட்டமும் மாறி மாறி அடிக்கும் புல்வெளி. சுற்றுலாப் பயணிகள் பற்றிய ஒரு கட்டுரைக்காக அங்கு போயிருந்தேன். பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் ஒரு மீற்றர் சதுரச் சட்டத்தைப் புல்லின் மேல் வைத்து, அதற்குள் இருந்த செடிகளை எண்ணி எழுதிக்கொண்டிருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டதும் எல்லோரும் ஒரே தேநீர்க் கடைக்குள் ஒதுங்கினோம்.

இறுதியாண்டு ஆய்வைப் பற்றிக் கேட்டேன். செடிகளைப் பற்றிச் சொல்வார்கள் என்று நினைத்தேன். வவுனியாவைச் சேர்ந்த மாணவி வேறொன்றைச் சொன்னார்.

“காட்டுக்குள்ள போறதுக்கு வனத் திணைக்களத்தின்ர கடிதம் இருக்கு அக்கா. இந்தக் கோடைப் பாவிக்கிறதுக்குத்தான் ஒருத்தரிட்டையும் கடிதம் இல்லை.”

அவர் சொன்ன கோட், சில ஆண்டுகளுக்கு முன் அதே துறையில் படித்த ஒருவர் தன் ஆய்வுக்காக ‘ஆர்’ என்ற கணினி மொழியில் எழுதியது. சதுரங்களில் எண்ணிய கணக்கிலுள்ள பிழைகளைத் தேடித் திருத்தி, ஓர் இடத்தில் எத்தனை இனங்கள் இருக்கலாம் என்று கணித்துத் தரும். கிட்ஹப் தளத்தில் யாரும் பார்க்கலாம். ஆனால், அதை யார், எப்படிப் பாவிக்கலாம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. எழுதியவர் வெளிநாடு போய்விட்டார். மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை. மாணவிக்கு அதை நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு ஏற்ப மாற்றி, தன் ஆய்வுக் கட்டுரையோடு சேர்த்து வெளியிட வேண்டும். கட்டுரையை அனுப்ப நினைக்கும் சஞ்சிகை கோடையும் பகிரங்கமாக வைக்கச் சொல்கிறது.

துறையில் கேட்டபோது அவருக்கு மூன்று பதில்கள் கிடைத்தன. “இணையத்தில்தானே கிடக்கிறது, எடு” என்றார் ஒருவர். “அது பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம்” என்றார் இன்னொருவர். “அவருடைய பெயரைப் போட்டால் போதும்” என்றார் மூன்றாமவர். மழை விட்டபின் வீட்டுக்கு வந்து சட்டத்தைப் புரட்டினேன். மூன்றையும் அப்படியே நம்ப முடியாது.

முதல் பதிலை எடுத்துக்கொள்வோம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம், புத்தகங்களும் கட்டுரைகளும் வரும் அதே வரிசையில் கணினி நிகழ்ச்சிகளையும் வைத்துப் பாதுகாக்கிறது. பதிப்புரிமை கிடைக்க எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. எழுதிய கணத்திலேயே அது பிறந்துவிடுகிறது. எழுதியவரின் ஆயுள் முழுதும், அதற்குப் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கிறது. ஆகவே, ஒரு கோடில் எதுவும் எழுதப்படவில்லை என்றால் ‘எல்லோரும் எடுக்கலாம்’ என்று பொருளல்ல. ‘எல்லா உரிமையும் எழுதியவருக்கே’ என்பதுதான் பொருள். கிட்ஹப்பில் பகிரங்கமாக வைக்கும்போது, மற்றவர்கள் அதைப் பார்க்கவும் அந்தத் தளத்துக்குள் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளவும் தளத்தின் விதிகள் இடம் தருகின்றன. மாற்றி வேறோர் இடத்தில் வெளியிடும் அனுமதி அதற்குள் அடங்காது.

இரண்டாவது பதில். வேலையின் ஒரு பகுதியாக ஊழியர் படைத்ததற்குப் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், தொழில் வழங்குநருக்கு என்று சட்டம் சொல்கிறது. மாணவர் ஊழியர் அல்ல. சம்பளம் பெறும் ஆய்வு உதவியாளராக எழுதியிருந்தால், அல்லது நிதி வழங்கியவரோடும் பல்கலைக்கழகத்தோடும் கையெழுத்திட்ட உடன்பாட்டில் வேறு ஏற்பாடு இருந்தால் கதை மாறும். அப்படி எதுவும் இல்லாதபோது, இறுதியாண்டு ஆய்வுக்காக மாணவர் தானாக எழுதிய கோட் பொதுவாக மாணவருடையதே. துறைத் தலைவர் கையெழுத்திட்டு அதைக் கொடுத்துவிட முடியாது.

மூன்றாவது பதிலில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். பெயர் குறிப்பிடாமல் எடுத்தால் அது கருத்துத் திருட்டு. அனுமதி இல்லாமல் பிரதி செய்தால் அது உரிமை மீறல். இவை இரண்டு வெவ்வேறு குற்றச்சாட்டுகள். பெயரைப் போடுவது முதலாவதிலிருந்து காப்பாற்றும், இரண்டாவதிலிருந்து காப்பாற்றாது. ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் ‘நியாயமான பயன்பாடு’ என்ற விலக்கு நமது சட்டத்தில் உண்டுதான். ஆனால், எதற்காக எடுத்தீர்கள், எவ்வளவு எடுத்தீர்கள், மூலப் படைப்பின் சந்தைக்கு என்ன நேரும் என்றெல்லாம் பார்த்தே அது தீர்மானிக்கப்படும். சில வரிகளை மேற்கோள் காட்டுவதற்கு அது துணை நிற்கலாம். முழுக் கோப்பையும் திருத்தி உலகத்துக்கே வெளியிடுவதற்கு அதை நம்பி இறங்குவது ஆபத்து.

இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் திறந்த மூல உரிமங்கள் வந்தன. பதிப்புரிமையை அவை ஒழிப்பதில்லை. அந்த உரிமையை வைத்துக்கொண்டே, ‘இந்த நிபந்தனைகளோடு யாரும் எடுக்கலாம்’ என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கின்றன. பெரிதாகப் பார்த்தால் இரண்டு குடும்பங்கள். எம்.ஐ.டி, பி.எஸ்.டி, அப்பாச்சி ஆகியவை முதல் குடும்பம். பெயரையும் உரிம வாசகத்தையும் அழிக்காமல் வைத்திருந்தால் போதும். எடுத்தவர் தன் மாற்றங்களை மூடி விற்கவும் செய்யலாம். பெயர்களே சொல்வதுபோல இவற்றில் இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிறந்தவை: மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், கலிபோர்னியாவின் பெர்க்லி. ஜி.பி.எல் இரண்டாவது குடும்பம். எடுத்து மாற்றி மற்றவர்களுக்கு வழங்கினால், மாற்றியதையும் அதே உரிமத்தில் மூலத்தோடு கொடுக்க வேண்டும்.

அந்த மாணவி பாவிக்கும் ‘ஆர்’ மொழியே இதற்கு நல்ல சாட்சி. நியூசிலாந்தின் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாக்கா, ரொபர்ட் ஜென்டில்மன் என்ற இரு புள்ளிவிபரவியலாளர்கள் உருவாக்கியது அது. சூரிச்சிலிருந்த மார்ட்டின் மெக்லர் வற்புறுத்தியதால் 1995இல் அதை ஜி.பி.எல் உரிமத்தில் வெளியிட்டார்கள். அந்த முடிவு இல்லாதிருந்தால் அது ஒரு துறையின் உள்வீட்டுக் கருவியாகவே நின்றிருக்கலாம். இன்று மலிவான மடிக்கணினி ஒன்றோடு ரிவர்ஸ்டன் ஏறும் மாணவியும், பணக்காரப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரும் ஒரே கருவியைப் பாவிக்கிறார்கள்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், காணாமல் போனவர்களையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் கணக்கெடுக்க இலங்கைத் தன்னார்வலர்கள் ‘சஹானா’ மென்பொருளை எழுதினார்கள். லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷன் அதை எல்.ஜி.பி.எல் என்ற திறந்த உரிமத்தில் வளர்த்தது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006இல் பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் அது பாவிக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருதும் அதற்குக் கிடைத்தது. நிலம் அதிர்ந்த மறுநாள், கொழும்பில் கோட் எழுதிய ஒவ்வொருவரையும் தேடி மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்க முடியுமா? உரிமம் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்ததால் அதற்குத் தேவை வரவில்லை.

இந்த உரிமங்கள் நீதிமன்றத்தில் நிற்குமா என்று கேட்பவர்கள் உண்டு. பெர்க்லியின் இயற்பியல் பேராசிரியர் ரொபர்ட் ஜேக்கப்சன், விளையாட்டு ரயில்களைக் கட்டுப்படுத்தும் மென்பொருளைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டிருந்தார். ஒரு வணிகத் தரப்பு, உரிமம் கேட்ட விபரங்களைக் காட்டாமல் அதை எடுத்துக்கொண்டது. இலவசமாகக் கொடுத்த பொருளுக்கும் நிபந்தனை விதிக்கலாம், அதை மீறுவது பதிப்புரிமை மீறலாகலாம் என்று அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால், வாதம் எப்படிப் போகும் என்பதை அது காட்டுகிறது.

மாணவர்களிடம் நான் கேட்ட இரண்டு பயங்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஜி.பி.எல் கருவியைப் பாவித்தால் என் ஆய்வு முடிவுகளும் ஜி.பி.எல் ஆகிவிடுமா? இல்லை. ‘ஆர்’ மொழியில் வரைந்த படமும் அட்டவணையும் உங்களுடையவை. ஜி.பி.எல் கோடின் வரிகளை உங்கள் கோடுக்குள் எடுத்து, அதை மற்றவர்களுக்கு வழங்கும்போதுதான் நிபந்தனை எழும். ‘கல்வி நோக்கத்துக்கு மட்டும்’ என்று போட்டால் பாதுகாப்பல்லவா? போடலாம், அது உங்கள் உரிமை. ஆனால், அது திறந்த மூலம் ஆகாது. வனத் திணைக்களமோ, ஒரு சிறு நிறுவனமோ நாளை உங்கள் கருவியைக் கொண்டு வேலை செய்ய வந்தால், அவர்களும் இதே மாணவியைப் போல வாசலில் நிற்பார்கள்.

செய்ய வேண்டியது சிறிய வேலைதான். ஆய்வு தொடங்கும்போதே கோட் யாருக்குச் சொந்தம் என்று மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே புழக்கத்திலுள்ள உரிமம் ஒன்றைத் தெரிவு செய்து, அதன் முழு வாசகத்தையும் ஒரு கோப்பாகக் கோடோடு வையுங்கள். சொந்தமாக உரிமம் எழுதப் போகாதீர்கள். ஆண்டையும் உரிமையாளர் பெயரையும் போடுங்கள். பிறருடைய கோடை எடுத்திருந்தால் அதன் உரிமம் உங்களுடையதோடு பொருந்துமா என்று பாருங்கள். கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்கள் படங்களுக்கும் தரவுகளுக்கும் கட்டுரைகளுக்கும் பொருந்தும். மென்பொருளுக்கு அவற்றைப் பாவிக்க வேண்டாம் என்று அந்த அமைப்பே சொல்கிறது.

சில வாரங்கள் கழித்து மாணவியோடு பேசினேன். பதில் கடைசிவரை வரவில்லை. ஆனால், சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: எழுதிய விதத்துக்குத்தான் பாதுகாப்பு, எண்ணத்துக்கும் செய்முறைக்கும் அல்ல. முன்னவரின் ஆய்வேட்டில் இருந்த முறையைப் படித்து, அவருடைய கோடை மூடி வைத்துவிட்டு, மாணவி தானே புதிதாக எழுதியிருக்கிறார். மூன்று கிழமை போயிருக்கிறது. களத்தில் இருந்திருக்க வேண்டிய மூன்று கிழமை.

“முதல் வேலையா லைசன்ஸ் ஃபைலைப் போட்டுட்டன் அக்கா” என்றார். எம்.ஐ.டி உரிமம். அடுத்த ஆண்டு அதே புல்வெளிக்குப் போகும் பிள்ளைக்கு, கேட்க வேண்டிய கடிதம் ஒன்று குறைந்திருக்கிறது.