உங்களுக்குத் தெரியுமா? ஒரே கிராமம், ஒரு நூற்றாண்டு விசாரணை

சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ஆம் ஆண்டில், தம் மாணாக்கர்களிடம் வினாப்பட்டியல் ஒன்றைக் கொடுத்து, நிலம் எவர் வசம் உள்ளது, கூலியாள் பெறுவது எவ்வளவு, குடியானவனை அழுத்தும் கடன் எத்தகையது என்பவற்றையெல்லாம் அவரவர் சொந்தக் கிராமங்களிலேயே விசாரித்து எழுதிவரச் செய்தார். அவ்விதம் ஆராயப்பட்டவற்றுள் ஒன்று, அந்நாளைய தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த இருவேல்பட்டு.

அதே கிராமத்துக்கு 1930-களில் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோரின் முயற்சியாலும், 1980-களின் தொடக்கத்தில் எஸ். குகன், ஜோன் மென்ச்சர் ஆகியோராலும், பின்னர் 2008-லும் ஆராய்ச்சியாளர் மீண்டும் சென்றனர். இத்தகைய பொறுமை அபூர்வமானது. சர்க்கார்த் திட்டங்களை வகுப்போருக்கு இதனினும் பிரயோஜனமான சாட்சியம் வேறில்லை என்றே கருதுகிறேன். ஏனெனில், ஒரு தடவை எடுக்கும் கணக்கு வறுமையின் அளவைக் காட்டுமேயன்றி, அது எதனால் தளர்ந்தது என்பதைக் காட்டாது. பெருநிலக்காரரின் ஆதிக்கம் ஒடுங்கியதையும், ஊருக்கு வெளியே கிடைத்த வேலையாலும் நியாயவிலைக் கடை அரிசியாலும் விவசாயத் தொழிலாளர், விசேஷமாகத் தலித் மக்கள், ஒருவரையே அண்டி வாழவேண்டிய நிர்ப்பந்தத்தினின்று பெரிதும் விடுபட்டதையும், தலைமுறைகளைத் தாண்டிய இவ்விசாரணையே புலப்படுத்திற்று.